காந்தக்கல்லின் நெளிந்த வரிசைகள்

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பரப்பைத் தொடாமல் ஊசிமுனையை நகர்த்தி அணுக்களைப் படமெடுக்கும் எங்கள் டனலிங் மைக்ராஸ்கோப் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆள் நடமாட்டம் ஓய்ந்து, லிஃப்ட் சத்தமும் அடங்கினால்தான் அதன் ஊசி ஆடாமல் இருக்கும். அப்படி ஒரு ராத்திரியில்தான் மேக்னடைட்டின், அதாவது இரும்பு ஆக்சைடான காந்தக்கல்லின், பரப்பை முதன்முதலாக அணு அணுவாகப் பார்த்தேன்.

அதற்கு முன் மூன்று நாள் படிகத்தைச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. ஆர்கான் அயனிகளை மோதவிட்டு மேல் அடுக்குகளைச் செதுக்கி எடுக்க வேண்டும். அதில் பரப்பு குண்டும் குழியுமாகிவிடும். அப்புறம் வெற்றிடத்துக்குள் துளி ஆக்சிஜன் விட்டு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், அணுக்கள் தாமாகவே நகர்ந்து அடுக்கிக்கொள்ளும்.

திரையில் இரும்பு அணுக்களின் வரிசைகள் தெரிந்தன. வரிசைக்கு வரிசை சுமார் 0.6 நானோமீட்டர். நடுவே ஒரு படி, உயரம் 0.21 நானோமீட்டர்தான். அதில் இறங்கியதும் வரிசைகள் 90 டிகிரி திரும்பி ஓடின. ஆனால் எந்த வரிசையும் நேராக இல்லை. இரண்டு அணு இந்தப் பக்கம், அடுத்த இரண்டு அந்தப் பக்கம் என்று நெளிந்து நெளிந்து போயின. ஊசிமுனை கெட்டுவிட்டதோ என்று வோல்டேஜைச் சட்டென்று ஏற்றி இறக்கி முனையைச் சரிசெய்தேன். ஸ்கேன் திசையையும் மாற்றினேன். நெளிவு அப்படியே இருந்தது.

அதன் காரணம் அந்தப் படத்தில் கிடையாது. மேல் அடுக்கு அணுக்கள் இருந்த இடத்திலேயே கொஞ்சம் விலகியிருக்கின்றன, அவ்வளவுதான் என்று பல வருடங்கள் நம்பினார்கள். 2014இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, எலெக்ட்ரான் விளிம்பு விளைவு அளவீட்டையும் (பரப்பில் மோதித் திரும்பும் எலெக்ட்ரான்கள் திரையில் போடும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கண்டறிவது) கணினிக் கணக்கையும் சேர்த்து வேறு விடை சொன்னது. திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு கட்டத்திலும், மூன்றாம் அடுக்கில் இரண்டு இரும்பு அணுக்கள் இல்லை; இரண்டாம் அடுக்கில் ஒன்று கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மொத்தத்தில் ஓர் இரும்பு குறைவு. கீழே நடந்த இந்த இடமாற்றம்தான் மேல் வரிசையை நெளிய வைக்கிறது. ஆக்சைடு பரப்புகளைப் பற்றி நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த விடை இது.

தங்க அணுக்களைத் தூவிப் பார்த்தால் இது இன்னும் அழகாகத் தெரியும். சாதாரணமாக அவை உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இங்கே அந்தக் கூடுதல் இரும்பு அடியில் இல்லாத குழியாகப் பார்த்து ஒவ்வொன்றும் தனித்தனியே அமர்கிறது. ஏறக்குறைய 400 டிகிரி வரை கூட அசைவதில்லை. தனி அணுவே வினையை வேகப்படுத்தும் ஒற்றை அணு வினையூக்கிகளை ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல மேடை கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் அதே படிகத்தைச் சூடாக்கிக்கொண்டே எலெக்ட்ரான் விளிம்பு விளைவுத் திரையைப் பார்த்தேன். 450 டிகிரியை நெருங்கியபோது, அணுக்களின் இந்த இடம் மாறிய வரிசைக்கே உரிய புள்ளிகள் மங்கி மறைந்தன. சரி என்று சூட்டைக் குறைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் காத்திருந்தேன். பழைய இடங்களிலேயே மெல்ல மெல்ல ஒளி கூடி வந்தது.