அறுபது சதவீதமும் பதினாறு ஒப்பீடுகளும்

பத்தாம் வகுப்பில் அறுபது சதவீதம், பன்னிரண்டில் அறுபது, பட்டப்படிப்பில் அறுபது, அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மென்பொருள் நிறுவனங்களின் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவர்களுக்கு இந்த நிபந்தனை மனப்பாடம். இந்த வேலைக்குப் பட்டம் கட்டாயமா என்று பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களை ஒரே நாளில் குறைக்க நிறுவனங்களுக்கு ஏதாவது ஒரு சல்லடை வேண்டியிருந்தது, இது கிடைத்தது. ஒருவருக்கு புரோகிராம் எழுத வருமா என்பதைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. பதினைந்து வயதில் சமூக அறிவியலில் மதிப்பெண் குறைந்த பையனை இருபத்திரண்டு வயதில் வாசலிலேயே நிறுத்துவது அநியாயம். ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து அலுவலகத்தில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பி.இ.தான் வேண்டும் என்று நிறுவனங்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவுக்கு ஆன்சைட், அதாவது வாடிக்கையாளரின் இடத்திலேயே வேலை பார்க்க, அனுப்ப எச்1பி விசா வேண்டும். அங்கே இளநிலைப் பட்டம் என்றால் நான்கு ஆண்டு, நம் பி.எஸ்சி. மூன்று ஆண்டு. குறைகிற ஓராண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு வேலை அனுபவத்தை ஈடாகக் காட்ட விதியில் இடம் இருக்கிறது. பி.இ. முடித்தவருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதால் எச்.ஆர். அவரையே விரும்பும். பி.எஸ்சி. முடித்துவிட்டு, அப்போது மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ.வில் சேர்ந்த என் தோழிகள் பலரும் இதை மனத்தில் வைத்துத்தான் சேர்ந்தார்கள்.

பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. விப்ரோ பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு மேற்படிப்பும் படிக்க வைத்தது. ஸோஹோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவிக்கிறது. எச்.சி.எல்.லும் பன்னிரண்டு முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்க வழி செய்கிறது.

எங்கள் குழுவிலும் டிப்ளமா முடித்த தம்பி ஒருவன் இருந்தான். அரசு பாலிடெக்னிக், தமிழ் வழிப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் புரோகிராமிங் பழகியிருந்தான். ஒரு வாடிக்கையாளருக்காக இரவுதோறும் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் வேலை ஒன்று எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டிலும் சுமார் 50,000 பெயர்கள். முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது பட்டியலை மேலிருந்து கீழே வரை தேடும்படி எழுதியிருந்தார்கள். மோசமான நிலையில் 250 கோடி ஒப்பீடுகள். விடிந்த பிறகும் அது முடியாது. பெரிய சர்வர் கேட்கலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, ரெண்டாவது லிஸ்ட்ட முதல்ல வரிசைப்படுத்திட்டு, பாதி பாதியா வெட்டித் தேடினா என்ன?"

நடுவில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, வேண்டாத பாதியை ஒவ்வொரு முறையும் ஒதுக்கிக்கொண்டே போனால் 50,000 பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் பதினாறு ஒப்பீடு போதும். "பதினாறுன்னு எப்படிச் சொல்ற?" என்றேன். ரெண்டைப் பதினாறு தடவை பெருக்கினால் 65,536 வருகிறது, ஐம்பதாயிரம் அதற்குள் அடங்கிவிடுகிறது என்றான். பள்ளியில் படித்த மடக்கைதான் இது. வரிசைப்படுத்தும் வேலை தனி, தேடலில் 250 கோடி ஒப்பீடு எட்டு லட்சமாகச் சுருங்கியது. பெயரிலிருந்தே அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும் ஹாஷ் டேபிள் போட்டிருந்தால் அந்தத் தேடலும் பெரும்பாலும் மிச்சம் என்பது வேறு விஷயம். அந்த அறையில் அவனைத் தவிர எல்லோருமே, தரவுகளை அடுக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில், பைனரி சர்ச் என்ற பெயரில் இதே முறையைப் பதினாறு மார்க் கேள்வியாக எழுதித் தேறியவர்கள். கேள்வி விடைத்தாளுக்கு வெளியே வந்து நின்றபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

இதை வைத்துக் கல்லூரியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே தம்பியை வேறொரு பிழை படாத பாடு படுத்தியது. கையிருப்பில் பத்துப் பொருள் இருக்கிறது. இருவர் ஒரே நொடியில் ஆளுக்கு ஒன்று வாங்குகிறார்கள். இருவருக்காகவும் ஓடும் நிரல் பத்து என்று படித்து, ஒன்றைக் கழித்து, ஒன்பது என்று எழுதிவிடுகிறது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து டெஸ்ட் செய்தால் இது கண்ணில் படாது, கூட்டம் நெருக்கும் மாதக் கடைசியில்தான் வரும். நிரல் ஓடும்போது நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் பைல்களை நாள்கணக்கில் துழாவினான். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தைக் கவனித்துப் படித்தவருக்கு, இருவர் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கிறார்களோ என்பதுதான் முதல் சந்தேகமாக இருந்திருக்கும். ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைக் காக்க வைக்கும் லாக்கிங், பல படிகளை ஒரே வேலையாக முழுதாக முடிக்கும் டிரான்ஸாக்ஷன் போன்றவற்றை ஒருவர் தானாகத் தடுக்கி விழுந்து கற்க நெடுங்காலம் ஆகும். யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், அல்லது நல்ல புத்தகம் வேண்டும். என் பழைய பாடப்புத்தகத்தை அவனுக்குக் கொடுத்தேன். ஆங்கிலம் இடித்தது, விடாமல் படித்தான்.

ஆங்கிலம் என்றதும் பேச்சு நினைவுக்கு வருகிறது பலருக்கு. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது வாசிப்பு. எர்ரர் மெசேஜின் கடைசி வரி வரை பொறுமையாகப் படிப்பவர் பாதிப் பிழைகளை யாரையும் கேட்காமலே தீர்த்துவிடுவார். பதற்றத்தில் முதல் வரியோடு மூடிவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு நான் தினம் ஒரு பக்கம் மென்பொருள் விளக்க ஆவணம் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக, வேலைக்குள் நுழைய உண்மையில் தேவைப்படுவது புரிந்து படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், வாசிக்கும் அளவு ஆங்கிலம், கையால் எழுதிப் பார்த்த நிரல்கள். நம் பாடநூலிலேயே பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது. அதற்கு மேல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்ஸ் என நான்கு பாடங்கள். பட்டம் இல்லாமலும் அவற்றைப் படிக்கலாம், ஆனால் படிக்காமல் தப்ப முடியாது.

பெண் பிள்ளைகள் கேட்டால் மட்டும் என் பதில் கொஞ்சம் மாறும். சிறிய ஊர்களில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே தங்க, கல்யாணப் பேச்சைச் சில ஆண்டு தள்ளிப்போட, கல்லூரி ஒன்றுதான் வழியாக இருக்கிறது. அந்த ஆண்டுகளை நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

நிலத்தை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ கணினி அறிவியலோ சேரட்டும், கட்டணம் குறைவு. மாலை நேரம் பிள்ளையின் கையில் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி. 2021இல் இணையவழியில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் சேர்த்துப் படிக்கலாம். இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.