பேய் எப்பக்கா வரும்?

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வாசிப்புக் கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. புத்தகம் ஆங்கிலமாக இருக்கலாம், பேச்சு தமிழில்தான். பத்துப் பேர் வந்தால் நல்ல கூட்டம். மழை பெய்தால் நான்கு பேர். அதில் ஒருவர் ஏர்கானுக்காக உட்கார்ந்திருப்பார்.

போன வருடம் ஒரு மாதம் ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’யை எடுத்துக்கொண்டோம். 1847இல் சார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் ஐர்’ பலருக்கும் தெரிந்திருக்கும். பெரிய மாளிகை, அதன் மூன்றாம் மாடியில் பூட்டி வைத்த ஒரு பைத்தியக்காரி. பெயர் பெர்த்தா, நாயகி ஜேன் காதலிக்கும் மாளிகைக்காரர் ராசெஸ்டரின் முதல் மனைவி. கரீபியத் தீவுகளில் பிறந்த அவள் அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை அவள் பக்கம் நின்று 1966இல் எழுதினார் ரீஸ். அறிவிப்பில் ‘புகழ்பெற்ற நாவலின் இருண்ட மறுகதை’ என்று போட்டேன். அந்த ‘இருண்ட’தான் வினை.

கூட்டம் தொடங்கியதும் முதல் கேள்வி டாமியிடமிருந்து வந்தது. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி, மூன்று மாதமாகத் தவறாமல் வருபவர். கைபேசியில் அர்த்தம் தேடித் தேடிப் படிப்பார்.

“பேய் எப்பக்கா வரும்? நூறு பக்கம் தாண்டிட்டேன்.”

“பேயெல்லாம் இல்லை டாமி.”

“அப்ப எதுக்கு இருண்டன்னு போட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்புத் தாளை எடுத்தேன். இரண்டு பக்கம் தயார் செய்திருந்தேன். 1833இல் வந்த அடிமை ஒழிப்புச் சட்டம், அதற்குப் பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு, அந்தப் பணம் விடுதலையானவர்களுக்குப் போகாமல் அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது, 1890இல் அதே கரீபியத்தின் டொமினிக்கா தீவில் பிறந்த ரீஸுக்கு இந்தக் கதை ஏன் சொந்தக் கதை மாதிரி என்பது வரை எல்லாம் இருந்தது. கால்மணி நேரத்தில் அந்தத் தாள்கள் கறிபஃப் வைக்கப் பயன்பட்டன. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கோபமாகவே வந்திருந்தார். பள்ளி நாட்களிலிருந்து ஜேனை நேசிப்பவர். “ஏம்மா, தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள பெர்த்தாவைக் காப்பாத்தத்தானே அந்த மனுஷன் மாடிக்கு ஓடினாரு? கண்ணு போச்சு, கை போச்சு. அவரைப் போய் இப்படி எழுதலாமா? வேணும்னா சொந்தமா ஒரு கதை எழுதட்டும்.” நியாயமான கேள்வி. பிராண்டியின் ராசெஸ்டர் உண்மையிலேயே கூரை வரை ஏறித்தான் போகிறார்.

பதில் சொன்னவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. “அப்ப ‘சாபவிமோசனம்’ எழுதினதும் தப்பா டீச்சர்?” சீதையைத் தீக்குளிக்க வைத்தது தெரிந்ததும் அகலிகை மறுபடி கல்லாகிவிடும் கதை அது. ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று புதுமைப்பித்தன் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். டீச்சர், “அது வேற, இது வேற” என்றார். எப்படி வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

ரீஸின் நாவலில் வரும் கிளியைப் பற்றிக் கொஞ்ச நேரம் போனது. பெர்த்தாவுடைய தாயின் இரண்டாம் கணவர் இறக்கையைக் கத்தரித்துவிட்ட கிளி அது. அவளுடைய சிறுவயது வீடு எரியும்போது பறக்க முடியாமல் நெருப்போடு விழுகிறது. அதைப் படித்துவிட்டு மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை என்றார் ஒருவர்.

அப்புறம் நான் பிராண்டியின் பக்கம் ஒன்றை வாசித்துக் காட்டினேன். ஜேன் முதன்முதலில் பெர்த்தாவைப் பார்க்கும் இடம். அங்கே அவளை ‘அது’ என்றே எழுதுகிறார் பிராண்டி. அது தவழ்ந்தது, அது உறுமியது. தமிழில் சொல்லும்போது நாக்கு தானாக ‘அவள்’ என்று போய்விட்டது, நிறுத்தித் திரும்பச் சொன்னேன். ரீஸின் நாவலில் அவளுடைய பெயர் அந்துவானெத். கணவன்தான் பெர்த்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். அது என் பெயரில்லை, வேறு பெயர் சொல்லி என்னை வேறு ஆளாக்கப் பார்க்கிறாய், அதுவும் ஓபியாதான் என்கிறாள். ஓபியா என்றால் அந்தத் தீவுகளின் மாந்திரீகம், நம்மூர் பில்லி சூனியம் மாதிரி. அவளை வளர்த்த கிறிஸ்டோஃபினுக்கு அந்த வித்தை தெரியும். கணவனைத் திருப்ப அவள் கொடுத்த மருந்து பலிக்கவில்லை. கணவன் வைத்த பெயர் பலித்துவிட்டது.

டாமி கறிபஃப்பைக் கீழே வைத்தார்.

“என் பேரும் டாமி இல்லக்கா.”

உண்மையான பெயரைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். ஆறெழுத்து, நடுவில் ஒரு ‘ழ’. சூப்பர்வைசர் வாயில் நுழையவில்லை என்று முதல் வாரமே ஹெல்மெட்டில் டாமி என்று ஒட்டிவிட்டார்களாம். “ஊர்ல எங்க வீட்டு நாய்க்கு அந்தப் பேருதான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

“மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார் டீச்சர்.

“சொன்னேன் டீச்சர். மறுநாள்லேருந்து டாம்னு கூப்பிட்டாரு.”

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பேச்சு அதற்குப் பிறகு நாவலுக்குத் திரும்பவில்லை. ஆளுக்கொரு பெயர்க்கதை வைத்திருந்தார்கள். டீச்சரும் தன் வீட்டுப் பணிப்பெண்ணின் முழுப்பெயர் தனக்கு நினைவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டு வருகைப் பட்டியலைத் திறந்தேன். மூன்று மாதமும் டாமி என்றுதான் இருந்தது. வாட்ஸ்அப்பில் அந்தப் பெயர் வந்தது, அப்படியே தட்டி வைத்திருக்கிறேன். அவரும் திருத்தவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் பெயர் மாற்றுவதைப் பற்றிப் பாடம் நடத்தியவளும் நான்தான்.

அடுத்த மாதம் அவர் வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“வொர்க் பெர்மிட்ல ‘ழ’வுக்கு ‘எல்’ போட்டுட்டாங்கக்கா. நீங்களாவது ‘இசட் எச்’ போடுங்க.”

போட்டேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, இழுத்து அகலமாக்கினேன்.