ஒரு கட்டு விறகின் நிறை

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அந்த அக்காவின் குசினி, வீட்டுக்கு வெளியே தனியாகக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். 2018ஆம் ஆண்டு, காலை ஆறரை மணி. கொக்கித் தராசைக் கூரை வளையில் மாட்டி, விறகுக் கட்டைத் தூக்கித் தொங்கவிட்டேன். முள் பதினான்கு கிலோவைத் தாண்டி நின்றது.

"தம்பி, கரண்டுக்குத்தான் மீற்றர் இருக்கு. இனி விறகுக்கும் போடப்போறீங்களோ?"

குரலில் உண்மையான பயம் இருந்தது. போரில் 2006இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் முகாமில் கிடந்து, மீள்குடியேறி அதிக காலம் ஆகாத குடும்பம். இந்த ஊர்க் காணிகளில்தான் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. படிவத்தோடு வருபவர்களைக் கண்டால் அவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா?

"இல்லை அக்கா, நாட்டில எவ்வளவு விறகு எரியுதெண்டு கணக்கெடுக்கத்தான். இண்டைக்கு இந்தக் கட்டில இருந்து மட்டும் எரியுங்கோ. நாளைக்கு இதே நேரம் வந்து மிச்சத்தை நிறுக்கிறன்."

எங்கள் வேலையே அதுதான். முதல் நாள் நிறுப்பது, மறுநாள் மிச்சத்தை நிறுப்பது, இடையில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுவது. வீட்டில் விசேஷம் நடந்த நாள் கணக்கில் சேராது. ஒரு ஆய்வுக்குழுவில் தற்காலிகக் களப்பணியாளராகத் திருகோணமலை மாவட்டத்தில் வீடு வீடாகப் போனேன்.

இலங்கையின் வலுசக்திச் சமநிலைக் கணக்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை ஆண்டுதோறும் தொகுக்கிறது. ஒரு பக்கம் உற்பத்தி, இறக்குமதி, கையிருப்பு மாற்றம். மறுபக்கம் தொழிற்சாலை, போக்குவரத்து, வீடு. எல்லாவற்றையும் எண்ணெய்ச் சமதொன் என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். ஒரு சமதொன் என்றால் ஒரு தொன் எண்ணெய் எரிந்தால் வரும் சக்தி, 41.868 கிகாஜூல். மின்சாரத்துக்கு மீற்றர் இருக்கிறது, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரிக்குக் கப்பல் பத்திரம் இருக்கிறது, எரிபொருளுக்குத் தொட்டி அளவும் விற்பனைப் பதிவும் இருக்கின்றன. எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. பாவனையில் இருக்கும் குதத்தின் மட்டம் அளந்து எழுதப்படும். சூட்டில் எண்ணெய் விரிவதால் வெப்பநிலைக்கு ஏற்ற திருத்தமும் செய்வார்கள். கைமாறும் ஒவ்வொரு லீற்றருக்கும் ஒரு துண்டுச் சீட்டு உண்டு.

விறகுக்கு அப்படி எந்தச் சீட்டும் இல்லை. காட்டோரம் பொறுக்கியது, வேலியில் வெட்டியது, தென்னைமட்டை, பாளை, சிரட்டை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. இவ்வளவு பெரிய எரிபொருளுக்கு யாரும் பில் எழுதுவதில்லை. அப்புறம் கணக்கு எப்படி வரும்? சில வீடுகளில் நிறுத்துப் பார்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று கண்டு, அதை முழு நாட்டுக்கும் பெருக்கித்தான். அதனால் ஒரு வீட்டில் விடும் பிழை அந்த வீட்டோடு நிற்காது.

அந்தப் பிழையை நான் செய்தேன். மூன்றாவது வாரம், குச்சவெளிப் பக்கம், விடாத மழை. தராசை வெளியே எடுக்கவே மனமில்லை. வீட்டுக்காரர்கள் "ஒரு நாளைக்கு ஒரு கட்டு" என்றார்கள். முந்தின வாரச் சராசரியை நினைத்து, ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு கிலோ என்று ஒன்பது படிவங்களை நிரப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் அந்த ஒன்பதையும் மேசையில் வரிசையாக வைத்தார். "ஒன்பது வீட்டிலயும் ஒரே கட்டா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். கோபிக்கவில்லை. அடுத்த நாள் என் செலவில் பஸ் ஏறினேன்.

முதல் வீட்டில் கட்டு ஏழு கிலோ, ஒரு கிழவி தலையில் சுமந்து வந்தது. நாலாவது வீட்டில் பத்தொன்பது, மகன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது. அதுவும் நனைந்த விறகு. காற்றில் உலர்ந்த ஒரு தொன் விறகுக்குச் சுமார் 0.38 சமதொன் என்று போடுவார்கள்; ஈர விறகில் நிறையின் ஒரு பங்கு தண்ணீர், சூட்டிலும் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே போய்விடும். அன்றிலிருந்து படிவத்தின் ஓரத்தில் "ஈரம்", "காய்ந்தது" என்று எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

உப்புவெளியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா. விடிய மூன்று மணிக்கு மூட்டும் அடுப்பில், ஏழு மணிக்கு அதே தணலில் பிள்ளைகளுக்குத் தேநீர் கொதிக்கும். அது வீட்டு விறகா, தொழில் விறகா? தேசியக் கணக்கில் வீடும் வர்த்தகமும் ஒரே தொகுதிக்குள்தான் போகின்றன. ஆனாலும் அதைப் பிரித்து எழுத வேண்டும் என்று நின்றேன். அது அவருடைய உழைப்பு, வெறும் வீட்டுச் செலவு இல்லை.

மண்ணெண்ணெயும் இதே மாதிரித்தான். கொழும்பில் இருந்து பார்த்தால் அது ஏழை வீட்டு விளக்கும் அடுப்பும். இங்கே கரையில் நின்றால் அது ஃபைபர் போட்டின் அவுட்போட் எஞ்சின். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனபோது போட்டுகள் கரையில் கிடந்தன. பெற்றோல் செட்டின் விற்பனைக் கணக்கு எத்தனை லீற்றர் போனது என்று சொல்லும், எங்கே எரிந்தது என்று சொல்லாது. அதை அறிய வாடிக்கு, கரையில் இருக்கும் மீனவர் கொட்டிலுக்கு, போய்த் தொழிலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த வருடம் காஸ் இல்லாமல் நகரத்துக்குள்ளேயே முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். காஸ் விற்பனை விழுந்தது பதிவில் இருக்கும். அதற்குப் பதிலாக எரிந்த விறகு, யாராவது போய் நிறுத்திருந்தால் ஒழிய எங்கேயும் இருக்காது. பழைய சராசரியைப் பெருக்கினால் பழைய விடைதான் வரும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. அதன் ஒவ்வொரு அலகும் பிசகாமல் பதிவாகும்.

2023இல் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அக்கா வீட்டுக்கும் போனேன். காஸ் அடுப்பு ஒன்று வந்திருந்தது. அதன் மேல் சுளகும் தேங்காயும் இருந்தன. பக்கத்தில் பழைய மண் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"அந்தத் தராசு கொண்டந்தனீங்களோ, தம்பி?"

பையில் இருந்தது. அவரே கட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். நான் முள்ளைப் பார்த்தேன். 11.5. "காய்ந்தது" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.