போர்ஷன் முடியவில்லை

ஆகஸ்ட் 4

இரண்டு குரல்நாணிலும் முடிச்சு. குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு முன்பே டாக்டர், ‘டீச்சரா?’ என்று கேட்டார். சில வாரங்களுக்குப் பேசவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தானாம். முதலாண்டு இயற்பியலில் மூன்றாவது யூனிட் பாதியில் நிற்கிறது. மாதக் கடைசியில் பாடத்திட்டக் குழுக் கூட்டம்.

ஆகஸ்ட் 5

லீவு போடப் போவதில்லை. போட்டால் என் வகுப்புகளைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கே தலைக்கு மேல் வேலை. போர்ஷனை ஓட்டித்தான் முடிப்பார்கள், வேறு வழியில்லை. அதற்கு நான் வாயை மூடிக்கொண்டு வகுப்பில் நிற்கலாம்.

ஆகஸ்ட் 6

போர்டில் எழுதினேன்: ‘சரக்கு ஏற்றிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது?’ கீழே அ, ஆ, இ, ஈ. அட்டைகளைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பெரும்பாலும் ‘அ’. லாரிதான்.

போன இன்டர்னலில், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய அதே பிள்ளைகள். நான்தான் திருத்தினேன், முழு மதிப்பெண் போட்டேன்.

‘பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அப்புறம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், ‘சமமா இருந்தா கார் மட்டும் ஏன்டீ நசுங்குது?’ என்றாள். அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. பக்கத்திலிருந்தவள் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறி போட்டாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு நிமிடம் பார்த்தாள். குட்டையை அழித்து நீளமாக்கினாள். பிறகு காருக்கு அடியில் நிறையைச் சின்ன ‘m’ என்று எழுதி, ‘விசை ஒண்ணுதான், இது லேசு, அதனால முடுக்கம் ஜாஸ்தி’ என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஆகஸ்ட் 7

வெந்நீர், ஆவி, மறுபடி வெந்நீர்.

ஆகஸ்ட் 9

எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் ஹார்வர்டில் நன்றாகப் பாடம் எடுப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அவருடைய மாணவர்களுக்குக் கடினமான கணக்குகளும் வந்தன. விசையைப் பற்றி இதேபோல் எளிய கேள்விகளைக் கொடுத்தபோது ஒருவர் கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? 1990களின் தொடக்கத்திலிருந்து அவர் வகுப்பில் ஒரு பகுதியை மாணவர்களின் பேச்சுக்கே விட்டார். கேள்வியைப் போடுவது, தனியாக யோசிக்கவிடுவது, பதிலைப் பார்ப்பது. சரியான பதில் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் திரும்ப விளக்கு. 70-க்கு மேல் என்றால் அடுத்ததற்குப் போ. நடுவில் இருந்தால் அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

ஆறாம் தேதி என் வகுப்பில் சரியான பதில் 30-ஐத் தொட்டிருக்காது. இருந்தும் பேசவிட்டேன். விளக்க எனக்குக் குரல் இல்லை.

ஆகஸ்ட் 11

திருத்திய சிலபஸின் வரைவு வந்துவிட்டது. ஐந்தாவது யூனிட்டின் மேல் பென்சிலில் ஒரு கோடு. சிறப்புச் சார்பியல். ‘எப்படியும் யாரும் அதுவரை போவதில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். செமஸ்டரின் கடைசி வாரத்தில், அட்டெண்டன்ஸ் குறைந்த வகுப்பில், இரண்டு சமன்பாட்டை எழுதிப் போட்டுவிட்டு வருவோம். ஐன்ஸ்டீன் 1905-இல் எழுதியது, வேகத்தைப் பொறுத்து நேரமும் நீளமும் மாறும் என்று. இயற்பியல் படிக்க வரும் பிள்ளைக்கு முதல் ஆண்டில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம் அது. அதைப் போய் எடுப்பதா?

இரவு தூக்கம் வரவில்லை. ஒரு யூனிட் எப்படி உள்ளே வருகிறது, எப்படி நிலைக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எறிபொருள் இருக்கிறது, ஏனென்றால் அதில் கணக்குக் கேட்பது சுலபம். கூட்டு ஊசல் இருக்கிறது, ஏனென்றால் லேபில் கம்பி இருக்கிறது. பாய்ம இயக்கவியல் இருக்கிறது, ஏனென்றால் அதை எடுக்க ஒருவருக்குப் பிடிக்கும், அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்துவிடுகிறார். சேர்க்கச் சொல்ல எல்லோரும் இருக்கிறோம், எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. எடுக்கிற வேலையைக் காலண்டர் செய்கிறது. அதுவும் எப்போதும் கடைசி யூனிட்டைத்தான் எடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அச்சடித்த சிலபஸை மாணவர்கள் பார்ப்பதே இல்லை. பழைய கொஸ்டின் பேப்பரைத்தான் பார்க்கிறார்கள். எட்டில் ஐந்து எழுதினால் போதும் என்ற இடத்தில் ஒரு யூனிட்டை முழுசாக விட்டுவிட்டுப் பாஸ் ஆகிவிடலாம். பேப்பர் எடுக்கிற ஆள்தான் நிஜமான சிலபஸை எழுதுகிறார். அந்த ஆள் நாம்தான். எந்தக் கூட்டத்திலும் இதைப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 12

கழுத்து வலி. எச்ஓடிக்கு மெயில் எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன்.

ஆகஸ்ட் 14

சார் போனில் செய்தி அனுப்பியிருந்தார். ரிட்டயர் ஆன பிறகும் எல்லாம் அவர் காதுக்குப் போய்விடுகிறது. சார்பியலை அந்த சிலபஸில் முதலில் சேர்த்தவர் அவர். ‘சும்மா சேர்க்கலம்மா. கைரோஸ்கோப் எனக்கு உயிர். அதை எடுத்துட்டுத்தான் இதைக் கேட்டேன். உன்னோடது எதை எடுக்கப் போறே?’

பதில் அனுப்பவில்லை. எனக்குத் தெரியும் எதை என்று.

ஆகஸ்ட் 15

கெப்ளர். கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றும் என்றவர். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்ற எதிர்வர்க்க விதியிலிருந்து நீள்வட்டம் வரை போர்டு முழுக்க நான் எழுதிக் காட்டும் அந்தத் தருவிப்பு. கடைசி வரியில் நீள்வட்டத்தின் சமன்பாடு வந்து நிற்கும்போது பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். அதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன் என்று நினைத்த நாட்கள் உண்டு. முடியாது.

ஆகஸ்ட் 18

ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 1998-இல் வெளியிட்ட ஆய்வைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், 62 இயக்கவியல் வகுப்புகள். தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் அதே தேர்வு. ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில், எட்டக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 சதவீதம்தான் எட்டினார்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசி, யோசித்து, உடனே பதில் தெரிந்துகொள்ளும் வகுப்புகளில் 48. அந்த 23 என்ற எண்ணைத் தாண்டி என்னால் படிக்கவே முடியவில்லை. அந்த வகுப்புகளை எடுத்தவர்களும் நன்றாகத்தான் எடுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 19

இன்று ஒருவன் வகுப்பு முடிந்து வந்து, ‘மேம், நீங்க பேசுனா நல்லா புரியும், இது கஷ்டமா இருக்கு’ என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 2019-இல் ஹார்வர்டிலேயே இதை அளந்து பார்த்தார்கள். தாங்களே முட்டி மோதிக் கற்ற வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும். பாடம் நடத்தியவரை மாணவர்கள் மதிப்பிடும் படிவம் அடுத்த மாதம் வருகிறது.

அவன் கேட்டதற்கு நோட்டில் எழுதிக் காட்டினேன்: ‘கஷ்டமாக இருப்பது சரி. நாளைக்கும் வா.’

ஆகஸ்ட் 20

வந்தான்.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே காட்டிவிட்டார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். நான் எவ்வளவு காத்திருப்பேன்? இப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கவலை.

ஆகஸ்ட் 26

இனி மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் சொன்னார், ஒரு நேரத்தில் சில நிமிடம். முதல் வார்த்தை கரகரவென்று வந்தது. யாருடைய குரலோ மாதிரி.

ஆகஸ்ட் 28

கூட்டம். எழுதிக் கொண்டுபோய்ப் படித்தேன். இடையில் குரல் போய்விட்டது, எச்ஓடி வாங்கி மிச்சத்தைப் படித்தார்.

கெப்ளர் தருவிப்பை எடுத்துவிடலாம், முடிவும் பொருளும் மட்டும் இருக்கட்டும். கூட்டு ஊசல் லேபோடு போகட்டும். மிச்சமாகும் மணிநேரத்தில் விசையும் மூன்றாம் விதியும், பேசிக் கற்கும் விதத்தில். கடைசியில் இருக்கும் சார்பியலை நான்காவது யூனிட்டாக முன்னுக்குக் கொண்டுவரலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் சார்பியல் விளைவுகளால் தரையில் உள்ளதைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தும், அதைச் சரிசெய்யாவிட்டால் ஒரே நாளில் இடம் கிலோமீட்டர் கணக்கில் தவறிப்போகும். சிறப்புச் சார்பியலால் மட்டும் என்றால் அது கொஞ்சம் பின்தங்கும்தான், முந்துவது ஈர்ப்பினால். ஆனாலும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற பொருளிலிருந்து தொடங்கலாம்.

பாய்ம இயக்கவியல் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெப்ளரை எடுத்துவிடலாம் என்று வந்ததும், ‘நிஜமாவா மேடம்?’ என்றார். தலையாட்டினேன். அவர் தன் யூனிட்டிலிருந்து ஒரு தலைப்பை அவராகவே அடித்தார். வேறு யாரும் எதையும் அடிக்கவில்லை.

ஊசல் அப்படியே இருக்கிறது. சார்பியல் நான்காவது. மற்றது ‘பரிசீலனையில்’.

ஆகஸ்ட் 29

சாருக்குச் சொன்னேன். ‘கெப்ளரா!’ என்று மட்டும் வந்தது.

செப்டம்பர் 2

செமஸ்டர் பேப்பர் எடுக்க எனக்கு வந்திருக்கிறது. லாரி கேள்வியைக் கட்டாயப் பகுதியில் வைத்திருக்கிறேன், சாய்ஸ் கிடையாது. விதியை எழுதச் சொல்லவில்லை. இரண்டு அம்புக்குறி வரை, ஏன் அந்த நீளம் என்று சொல், அவ்வளவுதான். விடைக்குறிப்பில் காரணத்துக்குத்தான் மதிப்பெண், படத்துக்கு மட்டும் இல்லை. கேள்வித்தாளைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினியில் ‘சிலபஸுக்கு வெளியிலிருந்து கேட்டது’ என்று எடுத்துவிடலாம். எடுத்தால் எழுத்தில் காரணம் கேட்பேன். ஸ்க்ரூட்டினி நாளை காலை பத்து மணிக்கு.