மூன்று வகைப் பானை, நான்கு நாள், ஒரு அனோவா

குண்டுப் பானை நன்றாகக் குளிருமா, குழாய் வைத்த நெட்டைப் பானையா, மண்ணில் மரத்தூள் கலந்தால் இன்னும் குளிருமா? கத்திரி வெயில் தொடங்கியதும் மதுரைப் பக்கம் எழும் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. அளந்து பார்த்ததன் குறிப்பு இது.

எடுத்துக்கொண்ட வகைகள் மூன்று. முதலாவது வழக்கமான குண்டுப் பானை (அ). இரண்டாவது அதே பானைதான். ஆனால் கன அளவில் 10 பங்கு மண்ணுக்கு 1 பங்கு மரத்தூள், மாவுச் சல்லடையில் சலித்துச் சேர்த்தது (ஆ). சூளையில் தூள் எரிந்துபோக, அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். மூன்றாவது வழக்கமான மண்ணில் செய்த நெட்டைப் பானை, அடியில் குழாய் (இ). மானாமதுரையில் வனைந்து, மூன்று வகையையும் ஒரே சூளையில், ஒரே அடுக்கில் கலந்து வைத்துச் சுட்டவை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மரத்தூள் பானை மட்டும் வேறு சூளையில் வெந்திருந்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் தூளாலா சூட்டாலா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது.

வகைக்கு நான்கு பானைகள். ஒரே பானையில் நான்கு முறை அளந்து அதை நான்கு அளவீடு என்று எழுதுவதுதான் இந்த மாதிரி சோதனைகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு. அப்படிச் செய்தால் அந்த ஒரு பானையைப் பற்றித்தான் தெரியும், வகையைப் பற்றி அல்ல. அதனால் ஒவ்வொரு நாளும் வகைக்கு ஒரு புதுப் பானை.

புதுப் பானையை அளப்பதற்கு முந்தின நாள் முழுக்க நீரில் ஊறவைத்துப் பழக்கியாக வேண்டும். காய்ந்த சுவர் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் வரை வெளிப்பக்கம் சரியாக வேர்க்காது. பிறகு காலை 6 மணிக்கு ஒரே அண்டாவிலிருந்து 8 லிட்டர் வீதம் ஊற்றி, மூடி, பிரிமனையில் வைத்து, பிற்பகல் 3 மணிக்கு அளந்தோம். மொட்டைமாடித் தொட்டி நீரை நேரடியாகப் பிடிக்கக் கூடாது. முதல் குடத்துக்கும் கடைசிக் குடத்துக்கும் சூடு மாறும். போர் தண்ணீரும் வேண்டாம். உப்பு வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்துத் துளையை அடைத்துவிடும்.

வெப்பமானி மீன்தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த டிஜிட்டல் வகை. 0.1 டிகிரி வரை காட்டும், ஆனால் ஒன்றுக்கொன்று 1 டிகிரி வரை முரண்படலாம். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். எல்லா முனைகளையும் ஒரே வாளி நீரில் முக்கி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்ட, கழிக்க வேண்டும் என்று ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அளக்கும்போது முனை நீரின் நடு ஆழத்தில் இருக்கட்டும். தாழ்வாரத்தில் மூன்று இடங்கள். காற்று ஓர் இடத்தில் கூடுதலாக வரும் என்பதால், எந்த வகை எந்த இடம் என்று தினமும் சீட்டு குலுக்கிப் போட்டது.

நிழல் காற்றைவிட நீர் எத்தனை டிகிரி குளிர்ந்தது என்பதே அளவு:

அ: 6.4, 7.0, 4.6, 6.0 (சராசரி 6.0)
ஆ: 7.2, 8.0, 5.4, 7.4 (சராசரி 7.0)
இ: 5.9, 6.8, 4.4, 6.5 (சராசரி 5.9)

மூன்றாம் நாள் கோடை மழை பெய்து புழுங்கிய நாள். ஈரக் காற்றில் ஆவியாதல் மந்தம், எல்லாப் பானையும் சறுக்கியது.

முதலில் நாளைக் கண்டுகொள்ளாமல், வகையை மட்டும் பார்க்கும் ஒருவழி அனோவா. சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலான ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை அது. மொத்த வர்க்கக் கூடுதல் (ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டியது) 13.26. அதில் வகைகளுக்கு இடையிலானது 2.96, மீதி 10.30 பிழைக் கணக்கில் விழுகிறது. 2.96-ஐ 2 ஆலும் (வகை 3, அதில் ஒன்று குறைவு), 10.30-ஐ 9 ஆலும் (அளவீடு 12, அதில் வகை 3 குறைவு) வகுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம்தான் எஃப்: 1.29. 5 சதவீத மட்டத்தில், அதாவது வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக நூற்றுக்கு 5 முறைதான் தாண்டும் எல்லையாக, அட்டவணை கேட்பது 4.26. அதாவது, 'வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது'. ஆனால் எண்களைக் கண்ணால் பார்த்தாலே நான்கு நாளும் ஆ தான் முன்னால் நிற்கிறது!

அந்த 10.30-இல் பெரும்பகுதி பானையின் குற்றமே அல்ல, வானிலை. நாள் சராசரிகளிலிருந்து (6.5, 7.27, 4.8, 6.63) நாளுக்கான வர்க்கக் கூடுதலைத் தனியே எடுத்தால் 10.01. பிழைக்கு மிஞ்சுவது வெறும் 0.29, அதை 6 ஆல் (முந்தைய 9-இல் நாளுக்காக 3 குறைந்தது) வகுத்தால் 0.049. இப்போது எஃப் 1.48 (2.96-இல் பாதி) ÷ 0.049, அதாவது 30-ஐத் தாண்டுகிறது, தேவை 5.14 மட்டுமே. ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் 1920-களில் வயலைப் பாத்திகளாகப் பிரித்து எருக்களை ஒப்பிட்டதும் இதே தர்க்கம்தான். மேட்டுப் பாத்தியும் பள்ளப் பாத்தியும் ஒன்றுபோல் விளையாது, எனவே ஒவ்வொரு பாத்திக்குள்ளும் எல்லா எருவும் இருக்கட்டும் என்பது. இங்கே பாத்தி என்பது நாள். எக்செலில் இதற்கு 'டூ ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சிங்கிள் ஃபேக்டர்' எடுத்தால் பழைய 1.29 தான் வரும்.

எஃப் பெரிதாக வந்தால் எல்லாம் வேறு வேறு என்று பொருளல்ல. எது எதிலிருந்து வேறு என்பதற்கு டூக்கி சோதனை: இரண்டு சராசரிகள் எவ்வளவு விலகினால் வேறு எனலாம் என்று அது சொல்லும். அட்டவணை மதிப்பு 4.34-ஐ (0.049 ÷ 4)-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 0.48 டிகிரி. ஆ மற்ற இரண்டையும் 1 டிகிரி அளவில் முந்துகிறது, தேறிவிட்டது. அ-வுக்கும் இ-க்கும் இடைவெளி 0.1 தான், குண்டா நெட்டையா என்ற சண்டைக்கு இந்த அளவீட்டில் ஆதாரம் இல்லை. குழாய் வசதிக்காக நெட்டைப் பானை வாங்குபவர் தாராளமாக வாங்கலாம்.

எச்சங்களை, அதாவது வகை, நாள் சராசரிகளை வைத்து எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசங்களை, பார்க்காமல் விடக் கூடாது. பெரியது நான்காம் நாள் அ பானை: எதிர்பார்த்ததைவிட 0.33 குறைவு. அந்தப் பானையைத் தட்டினால் மற்றவற்றைவிடக் கணீரென்று கேட்கிறது, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு. அங்கே ஒரு சொட்டு நீர் வைத்தால் உடனே இழுக்காமல் சற்று நேரம் மணியாக நிற்கிறது. சூளையில் அதிகம் வெந்து துளை மூடிய பானை. அதைக் கணக்கிலிருந்து தூக்கவில்லை. சூளையில் அப்படியும் பானைகள் வரத்தான் செய்யும், வாங்குபவர் கைக்கும் போகும்.

இன்னொன்று: ஆ-வின் முன்னிலை (மற்ற இரண்டின் சராசரியைவிட) நான்கு நாளும் 1.05, 1.10, 0.90, 1.15. புழுங்கிய நாளில்தான் குறைவு. வறண்ட நாளில் மரத்தூளின் பலன் கூடுகிறது என்ற சந்தேகம் எழுகிறது. ஆனால் ஒரு நாளில் ஒரு வகைக்கு ஒரே அளவீடு இருப்பதால், இந்த ஊடாட்டத்தை (நாளுக்கு நாள் வகையின் பலன் மாறுவதை) பிழையிலிருந்து பிரிக்க வழியில்லை.

மரத்தூள் பானைக்கு விலை உண்டு: நீர் சீக்கிரம் தீரும். 8 லிட்டரை 1 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 14 கிராம் ஆவியானால் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. சுற்றிலும் இருந்து சூடு ஓயாமல் உள்ளே வருவதால் உண்மையில் இழப்பு அதைவிடப் பல மடங்கு. சொட்டி வீணாகும் நீர் அவ்வளவாகக் குளிர்விக்காது. அதைப் பிடிக்கப் பிரிமனைக்குக் கீழே தட்டு வைத்துத் தனியே எடை போட வேண்டும்.

அடுத்த சுற்றுக்கு மரத்தூள் உண்டு, இல்லை; சுவர் மெல்லியது, தடித்தது என இரண்டுக்கு இரண்டாக நான்கு வகைகள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகையிலும் இரண்டு பானைகள். கூடவே ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி. பானையின் குளிர்ச்சியை, அந்த ஈரத்துணி வெப்பமானி நிழல் காற்றைவிட இறங்கும் அளவோடு விகிதமாக எடுத்தால் மழை நாளையும் வெயில் நாளையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம்.