டிபின்னு சொன்னாங்க, கடைசில நண்டு புழு

மணிப்பூர் மலைப்பக்கம் ரோடு கான்ட்ராக்ட்ல வேலை. ஆத்து நண்ட நெருப்புல லேசா வாட்டி மிளகாயோட இடிச்சு தருவாங்க, அவ்ளோ ருசி. அப்புறம் விடாத இருமல், துரு கலர்ல சளி. எக்ஸ்ரேவ பாத்ததுமே டிபின்னுட்டாங்க. சளி டெஸ்ட் நெகட்டிவ், மிஷின்ல போட்டதும் நெகட்டிவ், ஆனாலும் மாத்திரைய கொடுத்து அனுப்பிட்டாங்க. மூத்திரம் ஆரஞ்சா போனதுதான் மிச்சம்.

இம்பால்ல வேற ஒரு டாக்டர்தான் பிளட் ரிப்போர்ட்ல ஈசினோஃபில்னு ஒரு வகை வெள்ளணு எகிறி இருக்கறத பாத்துட்டு "நண்டு சாப்பிடுவீங்களா"ன்னு கேட்டாரு. டிபி சாயம் எதுவும் போடாம சளிய அப்படியே மைக்ரோஸ்கோப்ல வச்சு பாத்தா, சரியா வேகாத நண்டுலேருந்து வந்து நுரையீரல்ல தங்குற புழுவோட முட்டை. லேப் தம்பி என்னையும் பாக்க விட்டாரு, தேன் கலர்ல நீளவாக்குல இருக்கு, ஒரு முனைல குட்டியா மூடி.

எந்த வகை புழுன்னு தெரிய ஜீன் டெஸ்ட். இங்கதான் கடுப்பு. சீட்டுல புழுன்னு இருக்கறத பாத்துட்டு கவுன்ட்டர்ல இருந்தவரு மோஷன் டப்பாவ நீட்டுறாரு, சளிங்கன்னா "புழு வயித்துலதான இருக்கும்"னு என்கிட்டயே பாடம் எடுக்குறாரு. (முழுங்குற சளியோட மலத்துலயும் இந்த முட்டை வரும், அது அவருக்கு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல!) கடைசில சளிய வாங்கி ஃபார்மலின்ல போட்டு அனுப்பிட்டாங்க. டிஎன்ஏ தேறலன்னு பதில் வந்துச்சு, ஃபார்மலின் டிஎன்ஏவ துண்டு துண்டா ஆக்கிடும், பிசிஆர் (அதான் அந்த ஜீன் டெஸ்ட்) எங்க வேலை செய்ய? 70% ஆல்கஹால்ல போட சொல்லுங்க, கூச்சப்படாம கேளுங்க.

அதுக்குள்ள பிராசிகுவான்டெல்ங்கற புழு மாத்திரைய போட்டு முடிச்சாச்சு, சளியே வரல. நல்லவேளை லேப் தம்பி மாத்திரைக்கு முன்னாடியே கொஞ்சம் ஆல்கஹால்ல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தாரு, புண்ணியவான். அதுல ஐடிஎஸ்2ன்னு ஒரு டிஎன்ஏ துண்ட படிச்சு பாத்து பாராகோனிமஸ் ஹெட்டெரோட்ரீமஸ்னு ரிப்போர்ட் வந்துச்சு, வடகிழக்குல மனுஷங்ககிட்ட முக்கியமா இதுதானாம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், முட்டை தெரிஞ்சாச்சுன்னா ஜீன் ரிப்போர்ட்டுக்காக மாத்திரைய தள்ளிப்போடாதீங்க, எந்த வகையா இருந்தாலும் அதே மருந்துதான், கிலோவுக்கு 25 மில்லிகிராம் கணக்குல ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும், டாக்டர்தான் கொடுக்கணும். முட்டை சிக்காம இழுத்தடிக்கிறப்பதான் பிசிஆர் நிஜமாவே கைகொடுக்கும்.

டிபி லிஸ்ட்ல என் பேரு மட்டும் இன்னும் இருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு போன் வந்துக்கிட்டே இருக்கு, ரிப்போர்ட்ட அனுப்பியும் பேர எடுக்க மாட்டேங்கறாங்க.