பாரிமுனைக் கல்லறையும் யேல் வீட்டுப் பாட்டியும்

ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து பாரிமுனையில் இறங்கி ஹைகோர்ட்டுக்குள் போனால், பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் உயரமாகக் கூம்பு வைத்த ஒரு கல்லறை தெரியும். 1687 முதல் 1692 வரை நம் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், குழந்தையாகவே இறந்துபோனவன், அங்கேதான் புதைக்கப்பட்டான். அவனுடைய தாத்தா பேரும் டேவிட்தான். அந்தத் தாத்தாவையும் அவரைப் பெற்ற அம்மாவையும் பற்றித்தான் எழுத வந்தேன்.

1630ல் தலைவர் ஜான் வின்த்ராப்போடு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவர்கள், ஊரே சேர்ந்து கடவுளோடு உடன்படிக்கை செய்திருப்பதாக நம்பினார்கள். ஒருவன் தவறினாலும் தண்டனை ஊருக்கு. அப்படியானால் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை ஆகிவிடுகிறது, இல்லையா? அடுத்த வருடமே, சபை அங்கத்தினருக்கு மட்டும்தான் ஓட்டு என்று சட்டம் போட்டார்கள். அங்கத்தினர் ஆவதும் லேசில்லை. ஞாயிறு தவறாமல் வந்தால் போதாது, கிருபை தன்னைத் தொட்ட கதையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் அதை ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

பக்கத்துப் பியூரிட்டன் குடியேற்றமான நியூ ஹேவன் இன்னும் கறார். மோசேயின் சட்டத்தில் இல்லை என்று ஜூரி முறையையே விட்டுவிட்ட ஊர் அது. அங்கே கவர்னர் தியோபிலஸ் ஈட்டன். அவர் மனைவி ஆன், முதல் கணவர் வழியில் யேல் வீட்டுப் பாட்டி. குழந்தை ஞானஸ்நானம் சரியா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது, ஞானஸ்நான நேரத்தில் எழுந்து வெளியே போனாள். 1645ல் சபையிலிருந்து அவளை நீக்கினார்கள். கணவர் சாகும்வரை கவர்னராகவே இருந்தார். அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவள் மகன் டேவிட் பாஸ்டனுக்குப் போனார். 1646ல் இன்னும் ஆறு பேரோடு சேர்ந்து மனு எழுதினார்: வரி கட்டுகிறோம், சபையில் இல்லாததால் உரிமை இல்லை, கொடுங்கள். அபராதம்தான் கிடைத்தது. 1649ல் எலிஹு பிறந்தார், அவருக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டது. மனு எழுதியவர்கள் கேட்டது 1691ல்தான் நடந்தது, அதுவும் லண்டனிலிருந்து வந்த புது சாசனத்தால், சபைக்குப் பதில் சொத்து என்ற அளவுகோலோடு.

எல்லாரும் பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காக, 50 வீடு இருந்தாலே ஊர் ஒரு வாத்தியாரை வைக்கணும் என்று 1647ல் சட்டம் போட்டவர்களும் இதே மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள்தான். எங்கள் ஆயா பைபிள் படிக்கவே எழுத்துக் கூட்டக் கற்றவள், அதனால் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் தானே படிக்கச் சொன்ன பியூரிட்டன்களே, படித்து வேறு முடிவுக்கு வந்த ஆன் பாட்டியைத் துரத்தினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவளை நீக்கிய அதே நியூ ஹேவனில், 1718ல், பேரன் எலிஹு அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கையும் 417 புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு காலேஜுக்கு யேல் என்று பேர் வைத்தார்கள்.